பதினான்கா, பதினைந்தா, பதினாறா? ஸ்விஃப்ட் காருக்குச் சக்கர அளவு தேர்ந்தெடுத்தல்

மாருதி சுசூகி ஸ்விஃப்ட் காரின் கீழ்நிலை மாடலை வைத்திருப்பவர்கள், பெரும்பாலும் வண்டியோடு வந்த டயர்கள் தேய்ந்து முடியும் வேளையில்தான் இந்தக் கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். பட்டன் (தரையில் படும் ரப்பரின் வரிப்பள்ளங்கள்) தேய்ந்துவிட்டது, நான்கு டயரும் எப்படியும் வாங்கியாக வேண்டும். வாங்குகிறபோதே சற்று அகலமாக, அலாய் வீலும் சேர்த்துப் போட்டுவிட்டால் என்ன? கடைக்காரர் சுவரில் மாட்டியிருக்கும் சக்கரங்களைக் காட்டி, "விட்டம் மாறாது சார், வண்டிக்கு ஒன்றும் ஆகாது" என்கிறார். அவர் சொல்வதில் முதல் பாதி பெரும்பாலும் உண்மை. இரண்டாம் பாதியைத்தான் பணம் கொடுப்பதற்கு முன் ஆராய வேண்டியிருக்கிறது. ஏனென்றால், விட்டம் மாறாதபோதும் எடை, அகலம், பக்கச்சுவரின் உயரம் ஆகிய மூன்றும் மாறுகின்றன, வண்டி ஓடும் விதத்தை மாற்றுபவை அவைதாம்.

இந்தக் காரின் கீழ்நிலை மாடல்களுக்கு நிறுவனம் 165/80 ஆர்14 அளவிலும், மேல்நிலை மாடல்களுக்கு 185/65 ஆர்15 அளவிலும் டயர் தருகிறது. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆக, 165 மி.மீ. அகலத்தில் 80 சதவீதம் 132 மி.மீ.; அது மேலும் கீழும் இருமுறை வரும்; அதனோடு 14 அங்குலமான 355.6 மி.மீ. சேர்ந்தால் டயரின் வெளிவிட்டம் 619.6 மி.மீ. இதே கணக்கைப் போட்டால் 185/65 ஆர்15 டயருக்கு 621.5 மி.மீ. கிடைக்கிறது. இரண்டுக்கும் இடையே இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. புதிய டயர் ஒன்று சட்டம் அனுமதிக்கும் 1.6 மி.மீ. பட்டன் ஆழம் வரை தேயும்போது அதன் விட்டம் இதைப்போல் பல மடங்கு குறைந்துவிடுகிறது என்பதால், இந்த வித்தியாசத்தை வண்டி உணரவே உணராது.

கடையில் பரிந்துரைக்கப்படும் மற்ற அளவுகளையும் இந்தக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். அதே 14 அங்குல இரும்பு ரிம்மில் பொருத்தக்கூடிய 185/70 ஆர்14 டயரின் விட்டம் 614.6 மி.மீ., அதாவது முக்கால் சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலான குறைவு. 195/55 ஆர்16 டயருக்கு 620.9 மி.மீ., ஏறத்தாழ அச்சு அசலாக அதே விட்டம். 205/45 ஆர்17 டயருக்கு 616.3 மி.மீ., அரை சதவீதம் குறைவு. இவை நான்குமே விட்டக் கணக்கில் தேறிவிடுகின்றன. தேறாத ஒன்றும் அடிக்கடி விற்கப்படுகிறது. அது 195/65 ஆர்15. பெரிய செடான் கார்களுக்காகப் பரவலாகத் தயாரிக்கப்படும் அளவு என்பதால் எந்தக் கடையிலும் இருப்பில் கிடைக்கும், வண்டியும் சற்று உயர்ந்து கம்பீரமாகத் தெரியும். ஆனால் அதன் விட்டம் 634.5 மி.மீ., அதாவது 14 அங்குல டயரைவிட 2.4 சதவீதம் கூடுதல்.

இந்த 2.4 சதவீதம் என்ன செய்யும் என்பதைச் சொல்லிவிட்டால் விட்டம் பற்றிய பேச்சை முடித்துக்கொள்ளலாம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி எவ்வளவு நகர்கிறது என்பதை வெளிவிட்டம் தீர்மானிக்கிறது. வேகமானியும் ஓடோமீட்டரும் கியர்களின் பல் கணக்கும் அந்தத் தூரத்தை நம்பியே அமைக்கப்பட்டவை. விட்டம் கூடினால், முள் அதே 100-ஐக் காட்டும்போது வண்டி முன்பைவிட 2.4 சதவீதம் கூடுதல் வேகத்தில் செல்லும். ஒவ்வொரு கியரிலும் சக்கரம் தரையைத் தள்ளும் விசை ஏறத்தாழ அதே அளவு குறையும். சமதளத்தில் அது தெரியாது. நான்கு பேரும் சாமான்களுமாகக் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது, இரண்டாம் கியரிலேயே ஏறிவந்த வளைவில் முதல் கியருக்கு இறங்க வேண்டிய தருணங்கள் கூடும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பெரிய டயரோடு நீங்கள் 100 கிலோமீட்டர் ஓடினால் ஓடோமீட்டர் 97.7 என்றுதான் எண்ணும். ஆகவே பெட்ரோல் கணக்கு எழுதுபவருக்கு மைலேஜ் விழுந்ததுபோல் தோன்றும். "பெரிய டயர் மைலேஜைக் குடிக்கிறது" என்ற புகாரில் ஒரு பகுதி வெறும் எண்ணும் பிழையே. விட்டம் 3 சதவீதம் வரை மாறலாம் என்பது கடைகளில் பழகிய விதி. நான் ஒரு சதவீதத்தைத் தாண்ட மாட்டேன். தாண்டாமலே நல்ல அளவுகள் கிடைக்கும்போது தாண்டுவதற்குக் காரணம் ஏதும் தெரியவில்லை.

இனி எடை. அலாய் என்றாலே இரும்பைவிட லேசு என்ற நம்பிக்கை வாங்குபவர்களிடம் ஆழமாக இருக்கிறது. ஒரே அளவில், நன்றாக வடிவமைக்கப்பட்ட சக்கரமாக இருந்தால் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் வார்ப்பு முறையில் செய்யப்பட்ட மலிவான 16 அங்குல அலாய் வீல், 14 அங்குல இரும்பு ரிம்மைவிடக் கனமாக இருப்பது சாதாரணமாகக் காணக்கூடியது. வார்ப்பில் வலிமை வேண்டுமென்றால் உலோகத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும். அதோடு அகலமான டயரின் கூடுதல் எடையும் சேர்கிறது. கடையில் ஒரு தராசு கேட்டு, பழைய சக்கரத்தையும் புதிய சக்கரத்தையும் டயரோடு நிறுத்துப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். அப்படிக் கேட்பவர்களைக் கடைக்காரர் விசித்திரமாகப் பார்ப்பார் என்பது என் அனுபவம். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

ஒரு சக்கரத்துக்கு 3 கிலோ கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்குக்கு 12 கிலோ. இந்த எடை வண்டியோடு முன்னே நகர வேண்டும் என்பதோடு சுழலவும் வேண்டும் என்பதால், வேகமெடுக்கும்போது இஞ்சினுக்கு அது 12 கிலோவாகத் தெரியாது. எடை முழுவதும் டயரின் வெளி விளிம்பிலேயே இருந்தால் இரட்டிப்பாகத் தெரியும். ரிம்மில் இருக்கும் பகுதி அதைவிடக் குறைவாகத் தெரியும். மிகுதியாக வைத்தாலும் 24 கிலோ. பின்சீட்டில் ஒரு சிறு குழந்தை ஏறி அமர்ந்ததைப் போல. ஓட்டுநரோடு சேர்த்து ஒரு டன்னை ஒட்டிய எடையுள்ள காரில் இது ஏறத்தாழ இரண்டரை சதவீதம். நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்ட 12 விநாடி எடுத்துக்கொள்ளும் வண்டி 12.3 விநாடி எடுத்துக்கொள்ளும். "சக்கரத்தில் ஒரு கிலோ கூடினால் வண்டியில் பத்துக் கிலோ கூடியதற்குச் சமம்" என்று ஆர்வலர்களிடையே உலவும் கணக்குக்கு இயற்பியலில் இடம் இல்லை.

எடையின் உண்மையான பாதிப்பு வேறு இடத்தில் விழுகிறது. காரின் உடலைத் தாங்கும் ஸ்பிரிங்குக்குக் கீழே, ஒவ்வொரு மூலையிலும், சக்கரமும் டயரும் பிரேக்கும் ஹப்பும் சேர்ந்து சில பத்துக் கிலோ மட்டுமே இருக்கிறது. முழு வண்டியின் எடையில் 12 கிலோ அற்பம். ஆனால் அந்தச் சில பத்துக் கிலோவில் 3 கிலோ அற்பம் அன்று. குண்டும் குழியுமான சாலையில் சக்கரம் துள்ளி எழும்போது அதைப் பிடித்து மீண்டும் தரையில் அழுத்துவது ஷாக் அப்சார்பரின் வேலை. சக்கரம் கனமானால், பழைய எடைக்காக அமைக்கப்பட்ட அந்த ஷாக் அப்சார்பர் அதை அடக்கத் திணறும்; டயர் தரையைத் தொடாமல் இருக்கும் கணங்கள் கூடும். தொடாத டயருக்குப் பிடிமானம் ஏது? வழவழப்பான சோதனைத் தடத்தில் அகலமான டயர் பெற்றுத் தரும் பிடிமானத்தின் ஒரு பகுதியை, ஒட்டுப் போட்ட நகரச் சாலை இப்படித் திரும்ப வாங்கிக்கொண்டுவிடுகிறது.

சோதனைத் தடத்தில் என்ன நடக்கும் என்பதற்குப் பயனுள்ள ஓர் அளவீடு உண்டு. 2010-இல் அமெரிக்க மோட்டார் இதழ் ஒன்று ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரை எடுத்துக்கொண்டு, 15 முதல் 19 அங்குலம் வரை ஒவ்வோர் அளவாக மாற்றிப் பொருத்திச் சோதித்தது. 15-இலிருந்து 19-க்குப் போனபோது வேகமெடுப்பு ஏறத்தாழ 4 சதவீதமும், எரிபொருள் சிக்கனம் ஏறத்தாழ 10 சதவீதமும் குறைந்தன. வளைவில் பிடிமானம் கூடியது. நான்கு அங்குலம் என்பது பெரிய தாவல், கோல்ஃபும் ஸ்விஃப்டைவிடக் கனமான, இஞ்சின் வலு மிகுந்த கார். ஆயினும் இழப்பின் அளவில் இருக்கும் வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் அஞ்சுவது பிக்கப் குறையும் என்று. உண்மையில் அதிகம் குறைந்தது மைலேஜ். நகர வேகத்தில் டயரின் உருளும் தடை காற்றுத் தடைக்கு நிகராகவோ அதற்கு மேலாகவோ நிற்பதும், நிறுத்தி நிறுத்தி ஓட்டும்போது ஒவ்வொரு முறையும் கனமான சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் பிரேக்கில் வீணாக்குவதும் இதற்குக் காரணங்கள். தினமும் நெரிசலில் ஓட்டுபவருக்கே இந்த இழப்பு அதிகம் உறைக்கும்.

பக்கச்சுவரைப் பற்றிப் பேசும்போது கதை மாறுகிறது, ஏனென்றால் இங்கே லாபமும் பெரியது, விலையும் பெரியது. 165/80 ஆர்14 டயரில் 132 மி.மீ. உயரம் இருக்கும் பக்கச்சுவர், 185/70 ஆர்14-இல் 129.5 ஆகவும், 185/65 ஆர்15-இல் 120 ஆகவும், 195/55 ஆர்16-இல் 107 ஆகவும், 205/45 ஆர்17-இல் 92 மி.மீ. ஆகவும் குறைகிறது. உயரமான பக்கச்சுவர் வளைவில் நெளியும். ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணத்துக்கும் வண்டி திரும்பும் கணத்துக்கும் இடையே ஒரு சிறு தயக்கம் தெரியும். நெடுஞ்சாலையில் லாரியைத் தாண்டி வரிசை மாறும்போது 14 அங்குல ஸ்விஃப்ட் லேசாக மிதப்பதுபோல் உணரப்படுவது பெரும்பாலும் இதனால்தான். 15 அங்குலத்தில் அந்தத் தயக்கம் தெளிவாகக் குறைகிறது, 16-இல் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. வண்டி ஓட்டுவதில் சுவை காண்பவருக்கு இந்த ஒரு மாற்றமே செலவை நியாயப்படுத்திவிடும். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் நெளியும் அந்தச் சுவரே பள்ளத்தின் அடியையும் வாங்கிக்கொள்கிறது. மழைத் தண்ணீர் நிறைந்து ஆழம் தெரியாத குழியில் 60 கி.மீ. வேகத்தில் விழும்போது, டயர் நசுங்கி ரிம்மின் விளிம்பை எட்டுவதற்குள் அடியின் வேகம் தீர்ந்துவிட வேண்டும். 132 மி.மீ.யில் தீரும் அடி 92 மி.மீ.யில் தீராமல் போகலாம். அப்போது ரிம்முக்கும் குழியின் விளிம்புக்கும் இடையே டயர் நசுங்கி உள்ளே இழைகள் அறுந்து, பக்கச்சுவரில் கொப்புளம்போல் புடைத்துக்கொள்ளும். அந்தப் புடைப்பைப் பழுது பார்க்க வழியில்லை, டயரையே மாற்ற வேண்டும். ரிம்மும் அடி வாங்கினால், இரும்பாக இருந்தால் கோணும். சிறு கோணலைத் தட்டி நிமிர்த்தும் கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. வார்ப்பு அலாய் விரிசல் விடும். விரிசலைப் பற்றவைத்துத் தருபவர்களும் இருக்கிறார்கள் என்றாலும், பற்றவைத்த இடத்தைச் சுற்றி உலோகத்தின் வலிமை மாறிவிடுவதால் அப்படிப்பட்ட சக்கரத்தை நெடுஞ்சாலை வேகத்துக்கு நம்புவது தவறு. என் உறவினர் ஒருவருடைய காரில் 17 அங்குலம் போட்ட முதல் மழைக்காலத்திலேயே இரண்டு டயர்கள் புடைத்தன. அவர் அதற்குச் சாலையைத்தான் குறை சொன்னார், அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

அகலத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. அகலமான டயர் என்றால் தரையில் படும் பரப்பு அதே விகிதத்தில் கூடும் என்று நினைக்கிறோம். தரையில் படும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தச் சக்கரத்தின் மேல் இருக்கும் சுமையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும்தான். இரண்டும் மாறாதபோது பரப்பு பெரிதாக மாறாது, அதன் வடிவம் மாறும். ஒடுக்கமான டயரின் தடம் நீளவாக்கிலும், அகலமான டயரின் தடம் குறுக்குவாக்கிலும் நீண்டிருக்கும். குறுக்காக நீண்ட தடம் உலர்ந்த வளைவில் உதவுகிறது. மழையில் அதுவே பாதகம். பக்கவாட்டில் தண்ணீர் வெளியேற வேண்டிய தூரம் கூடுவதால், தேங்கிய நீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் குறைகிறது. அந்த வேகத்துக்கு 1960-களில் நாசா பொறியாளர்கள் விமான டயர்களை வைத்து ஓர் எளிய சூத்திரம் தந்தார்கள்: பி.எஸ்.ஐ. அளவிலான காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒன்பதால் பெருக்கினால் மிதக்கும் வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) அளவில் கிடைக்கும். 32 பி.எஸ்.ஐ. காற்றுக்கு அது மணிக்கு ஏறத்தாழ 94 கி.மீ. காருக்கு இது தோராயமான கணக்குத்தான். ஆனால் வடகிழக்குப் பருவமழையில் நான்குவழிச் சாலையில் நாம் போகும் வேகம் அந்த எண்ணுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைக் காட்டப் போதும். 165-லிருந்து 185-க்குப் போவதில் இந்த ஆபத்து சற்றுத்தான் கூடுகிறது, பட்டன் ஆழமாக இருந்தால் கவலையில்லை, 205 மி.மீ. டயரை இவ்வளவு எடை குறைந்த காரில் பட்டன் தேயும் வரை ஓட்டுவது வேறு விஷயம்.

டயரின் பக்கத்தில் அளவை அடுத்து வரும் எண்ணையும் பார்க்க வேண்டும். அது சுமைக் குறியீடு. 165/80 ஆர்14 டயரில் அது 85, அதாவது ஒரு டயர் 515 கிலோ தாங்கும். 185/65 ஆர்15-இல் 88, அதாவது 560 கிலோ. 195/55 ஆர்16-இல் 87, அதாவது 545 கிலோ. 205/45 ஆர்17-இன் சாதாரண வகையில் 84, அதாவது 500 கிலோ. பழைய டயரைவிடக் குறைவு. கூடுதல் சுமை தாங்கும் வகையாகக் கேட்டு வாங்கினால் 88 கிடைக்கும், ஆனால் அதற்குக் காற்றழுத்தமும் கூட்ட வேண்டும், சவாரி இன்னும் கடினமாகும்.

ரிம் வாங்குபவர்கள் கேட்க வேண்டிய விவரங்கள் சில. ஸ்விஃப்டுக்கு நான்கு போல்ட், பி.சி.டி. (போல்ட் துளைகளின் மையங்கள் வழியாகச் செல்லும் வட்டத்தின் விட்டம்) 100 மி.மீ., நடுத்துளை 54.1 மி.மீ. கடையில் கிடைக்கும் பல அலாய் வீல்கள் எல்லாக் கார்களுக்கும் பொருந்தட்டும் என்று நடுத்துளையைப் பெரிதாக வைத்துச் செய்யப்பட்டவை. அவற்றுக்கு இடைவெளியை நிரப்பும் வளையம் போடாவிட்டால், எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் ஸ்டீயரிங் நடுங்கக்கூடும். ஆஃப்செட் எண் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது ஹப்பில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது) நிறுவனம் தந்த ரிம்மின் எண்ணுக்கு அருகில் இருக்க வேண்டும். அது குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும், பார்வைக்கு அழகு கூடும், வீல் பேரிங்கின் மேல் சுமையும் கூடும், நிறைந்த வண்டியில் டயர் ஃபெண்டரில் உரசும். உரசினால் ஃபெண்டரின் உள்விளிம்பை மடித்துவிடலாம் என்று சொல்லும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடலாம். ரிம்மின் அகலம் டயருக்கு ஒத்துப்போக வேண்டும்: 185/70 ஆர்14-க்கு 4.5 முதல் 6 அங்குலம், 185/65 ஆர்15-க்கு 5 முதல் 6.5 அங்குலம், 195/55 ஆர்16-க்கு 5.5 முதல் 7 அங்குலம்.

சட்டத்தையும் மறந்துவிட முடியாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. இந்த நிலையில், அதே காரின் மேல்நிலை மாடலுக்கு நிறுவனமே தரும் அளவைப் போடுபவர் நிற்கும் இடம், 17 அங்குலம் போட்டவர் நிற்கும் இடத்தைவிட உறுதியானது. விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் கேள்வி கேட்கும்போதும் இதுதான் நிலை. எந்த அளவைப் போட்டாலும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது.

ஆகவே யாருக்கு எது? நகரத்துக்குள்ளேயே ஓட்டி, மைலேஜையும் செலவையும் கணக்குப் பார்ப்பவருக்கு 165/80 ஆர்14-ஐ விட்டு விலகக் காரணமே இல்லை. அவர் மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கை அதே அளவில் இன்னும் தரமான டயருக்குச் செலவிட்டால், ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும் தூரத்தில் அளவு மாற்றத்தைவிட அதிக லாபம் காணக்கூடும், ஏனெனில் பிடிமானத்தில் ரப்பர் கலவைக்கு உள்ள பங்கு அங்குலத்துக்கு இல்லை. ரிம்முக்குச் செலவிடாமல் நெடுஞ்சாலையில் சற்று உறுதி வேண்டும் என்பவருக்கு 185/70 ஆர்14 பொருந்தும். பக்கச்சுவர் ஏறக்குறைய முழுதாக மிஞ்சுகிறது, பள்ளத்தைப் பற்றிய பயம் இல்லை, மைலேஜில் சிறு இழப்போடு முடிந்துவிடும். மாதத்தில் சில முறையாவது நீண்ட பயணம் போகிறவருக்கு 185/65 ஆர்15-ஐப் பரிந்துரைப்பேன். காரின் சஸ்பென்ஷன் இந்த அளவையும் மனத்தில் வைத்தே அமைக்கப்பட்டது. மேல்நிலை மாடலின் அசல் ரிம்களைப் புதிய சக்கரம் மாற்றியவர்களிடமிருந்து பழையதாக வாங்கினால் பி.சி.டி., நடுத்துளை, ஆஃப்செட் என்ற தலைவலிகள் எல்லாம் ஒரே அடியில் தீர்ந்துவிடுகின்றன. 195/55 ஆர்16, நல்ல சாலைகளில் ஓட்டுபவரின் ஆசைக்குரியது. அதை எடுப்பவர் மலிவான ரிம்மை எடுக்கக் கூடாது. 205/45 ஆர்17-ஐ இந்தக் காருக்குப் போட அழகைத் தவிர வேறு காரணத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

எதைப் போட்டாலும், நான்கையும் ஒரே அளவில் போட வேண்டும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு நான்கு சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கிறது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்கமாக இருக்கும் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் படித்துப் பாருங்கள். 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். பொருத்தி 100 கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளை ஒரு முறை மீண்டும் இறுக்கச் சொல்லுங்கள். ஸ்டெப்னியாகப் பழைய 14 அங்குலச் சக்கரத்தையே வைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன நான்கு அளவுகளிலும் விட்டம் ஏறத்தாழ ஒன்றே என்பதால், பங்க்சர் கடை வரை மெதுவாக ஓட்டிச் செல்ல அது போதும். புதிய ரிம்மின் நட்டு பழைய இரும்பு ரிம்மிலும் சரியாக உட்காருகிறதா என்பதை மட்டும் கடையிலேயே ஒரு முறை மாட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.